ஃபாலோயர்கள் லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள், வருமானம் எங்கே? புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தோட்டம் போட்டு, அதை இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் காட்டி வருகிறேன். இன்ஸ்டாகிராமில் 1,60,000 பேர் பின்தொடர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் "மாசம் எவ்வளவு வருது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த வருடம் மொத்தமாக வந்தது 8,000 ரூபாயும் ஆறு மூட்டை மண்புழு உரமும்தான். ஆட்கள் குறைவு என்பது காரணமில்லை. என்ன கேட்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும், எந்தக் காகிதம் முதலில் வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. இரண்டு வருடம் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும்.

இதெல்லாம் இந்தியாவில் தனி ஆளாகப் பக்கம் நடத்துபவர்களுக்கு. கம்பெனி தொடங்கி நடத்துகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

1. எண்ணிக்கையை ஓரமாக வையுங்கள், இன்சைட்ஸைத் திறங்கள்

பிராண்டு ஆட்கள், அதாவது நம் பக்கத்தில் விளம்பரம் செய்யக் கேட்கும் நிறுவனத்தினர், முதல் மெயிலில் ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வருவார்கள். ஆனால் பணம் பேசும்போது கேட்பது இன்சைட்ஸ், அதாவது பக்கத்தின் புள்ளிவிவரம், அதன் ஸ்கிரீன்ஷாட். இன்ஸ்டாகிராமில் உங்கள் கணக்கு புரொஃபெஷனல் கணக்காக இருந்தால்தான் அது கிடைக்கும். மாற்றக் கட்டணம் கிடையாது, செட்டிங்ஸில் இரண்டு நிமிட வேலை. மாற்றிய நாளிலிருந்துதான் விவரம் சேரும் என்பதால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை: கடைசி 30 நாள் ரீச் (உங்கள் பதிவு எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது), கடைசி 90 நாள் ரீச், எந்த ஊர்க்காரர்கள், எந்த வயது, ஆண் பெண் விகிதம், பிறகு கடைசி பத்து ரீல்களில் ஒவ்வொன்றையும் எத்தனை பேர் சேவ் செய்தார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள்.

என் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குரங்கு எங்கள் தக்காளித் தொட்டியில் உட்கார்ந்து பழம் தின்ற வீடியோ 12 லட்சம் பார்வை போனது. அதில் வந்து சேர்ந்தவர்கள் 20,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் அடுத்த வீடியோவைப் பார்க்கவே இல்லை. அதே மாதம், செம்பருத்தியில் வரும் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தயாரிப்பது பற்றி ஒரு ரீல் போட்டேன். பார்வை 31,000 மட்டும். ஆனால் 4,100 பேர் சேவ் செய்திருந்தார்கள். வேப்பம் புண்ணாக்கு விற்கும் ஒரு சிறு நிறுவனம் என்னைத் தேடி வந்தது அந்த 4,100 பேருக்காக. சேவ் செய்தவர் வீட்டில் செடி இருக்கிறது, பூச்சி இருக்கிறது, நாளைக்கே கடைக்குப் போவார். வியாபாரிக்கு வேண்டியது அவர்தான்.

ஊர் விவரமும் அப்படித்தான். மதுரையில் மட்டும் கடை வைத்திருப்பவருக்கு உங்கள் பக்கத்தில் உள்ள மதுரைக்காரர்களைத் தவிர மற்றவர்களால் பயன் இல்லை. அதனால் 15,000 பேர் மட்டும் உள்ள ஓர் உள்ளூர்ப் பக்கம், 2 லட்சம் உள்ள பொதுப் பக்கத்தைவிட அவருக்கு அதிக மதிப்புள்ளது. உங்கள் எண்ணிக்கை சிறியது என்று தயங்குபவர்கள் இதை மனதில் வையுங்கள்.

எச்சரிக்கை: காசு கொடுத்து ஃபாலோயர் வாங்காதீர்கள். ஒரே இரவில் ஏறிய கோடு வரைபடத்தில் அப்படியே தெரியும். பிராண்டுகளுக்காக ஆள் பிடித்துத் தரும் விளம்பர ஏஜென்சிகள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

2. பக்கத்துக்குப் பூட்டுப் போடுங்கள்

வருமானம் பேசுவதற்கு முன் இதை முடியுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், எஸ்எம்எஸ்ஸை நம்பாமல், மாறிக்கொண்டே இருக்கும் எண்ணைத் தரும் ஆதென்டிகேட்டர் ஆப் வழியாக. ஃபோன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பக்கத்துக்கென்று தனி மெயில் ஐடி, அதற்கும் இரண்டடுக்குப் பூட்டு.

"கொலாப் விவரம் இணைப்பில் உள்ளது, பதிவிறக்கிப் பாருங்கள்" என்று வரும் மெயில்களில் பலவற்றை அனுப்புபவர்கள் திருடர்கள். ஒப்பந்தம் என்று சொல்லி ஜிப் கோப்பு அனுப்பினால் திறக்காதீர்கள். எந்த பிராண்டுக்கும் உங்கள் பாஸ்வேர்டோ ஓடிபியோ தேவைப்படாது. உங்கள் பதிவை அவர்கள் விளம்பரமாக ஓட்ட விரும்பினால் அதற்கு பார்ட்னர்ஷிப் ஆட் என்ற முறையான வசதி ஆப்பிலேயே இருக்கிறது.

பக்கத்தையே விலைக்குக் கேட்பவர்களும் வருவார்கள். கணக்கை விற்பது இன்ஸ்டாகிராம் விதிகளுக்கு எதிரானது. பணம் கைமாறிய பிறகு கணக்கு முடக்கப்பட்டால் இரு தரப்புக்கும் நஷ்டம்.

3. காகிதங்கள்: எது முதலில், எவ்வளவு செலவு

பான் கார்டு. இது இல்லாவிட்டால் நிறுவனங்கள் 20 சதவீதம் வரை டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிக்கும். ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பானில் உள்ள பெயர், வங்கிக் கணக்கில் உள்ள பெயர், பிறகு யூடியூப் பணத்துக்கான ஆட்சென்ஸ் கணக்கின் பெயர் மூன்றும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். என் பானில் இனிஷியல் விரிவாக இருந்தது, வங்கியில் ஓர் எழுத்து மட்டும். அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் போனது.

உத்யம் பதிவு. சிறு தொழில் செய்பவர் என்று மத்திய அரசு தரும் சான்று. ஆதாரும் பானும் இருந்தால் போதும், அரசு தளத்தில் நீங்களே அரை மணி நேரத்தில் முடிக்கலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. இதே பெயரில் தனியார் தளங்கள் 1,500, 3,000 என்று வாங்குகின்றன. தேடலில் முதலில் வருவது அவைதான். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே விவரம் கொடுங்கள். இந்தச் சான்று எதற்கு என்று 8-வது படியில் சொல்கிறேன். எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான்.

வங்கிக் கணக்கு. ஆரம்பத்தில் சேவிங்ஸ் கணக்கே போதும், ஆனால் வீட்டுச் செலவு கலக்காத தனிக் கணக்காக இருக்கட்டும். வருமானம் நிலைத்த பிறகு கரண்ட் கணக்கு. தனிநபர் தொழிலுக்குக் கரண்ட் கணக்கு கேட்டால் தொழில் நடப்பதற்கு இரண்டு சான்று கேட்பார்கள். உத்யம் ஒன்று, ஜிஎஸ்டி பதிவோ வேறு உரிமமோ இன்னொன்று. மாதக் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

4. யூடியூப் பணம் கைக்கு வரும் பாதை

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் பார்வைக்கு மாதாமாதம் விளம்பரப் பங்கு வரும் நிலையான ஏற்பாடு கிடையாது. அங்கே பெரும்பாலும் வருவது பிராண்டு பணமும் உங்கள் சொந்த விற்பனையும்தான். யூடியூபில் விளம்பரப் பங்கு உண்டு. அதற்கு 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். கூடவே கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது கடைசி 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வை. நீள வீடியோ விளம்பரத்தில் உங்கள் பங்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45. விண்ணப்பித்த பிறகு பரிசீலனைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

அதற்குப் பிறகுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க உங்கள் வீட்டுக்கு ஒரு பின் எண் தபாலில் வரும். இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். எங்கள் தெருவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள். முதல் கடிதம் வந்து சேரவில்லை. இரண்டாவது தடவை இரண்டு எண்ணையும் போட்டு, பக்கத்துப் பிள்ளையார் கோவிலையும் அடையாளமாகச் சேர்த்து, தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். பதினெட்டாம் நாள் வந்தது. சாதாரணக் கடிதம் போலச் சின்னதாக, ஓரத்தைக் கிழித்துப் பிரிக்கும் தாள். விளம்பரக் காகிதம் என்று வீட்டில் யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அமெரிக்க வரிப் படிவம், டபிள்யூ-8பென். பயப்பட வேண்டாம், ஆன்லைனில் பத்து நிமிடம். வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணைப் போட்டு, இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைத் தேர்வு செய்யுங்கள். அப்போது அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வரும் பங்கில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். படிவமே கொடுக்காவிட்டால் உலகம் முழுக்க வரும் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை போகும். அமெரிக்காவில் உங்களுக்குப் பார்வையாளரே இல்லை என்றாலும் கட்டாயம் நிரப்புங்கள்.

100 டாலர் சேர்ந்த பிறகு, அடுத்த மாதம் 21-லிருந்து 26-ம் தேதிக்குள் பணம் புறப்படும். வெளிநாட்டுப் பணம் என்பதால் எதற்கான பணம் என்பதைக் குறிக்கும் குறியீட்டு எண்ணைக் கேட்டு வங்கியிலிருந்து அழைப்பார்கள். விளம்பரச் சேவை என்று சொல்லுங்கள். வந்த பணத்துக்கு வங்கி தரும் சான்றிதழை ஒவ்வொரு மாதமும் கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் போடுங்கள், பின்னால் ஜிஎஸ்டிக்கு வேண்டும்.

5. விலை சொல்வது

"உங்க ரேட் என்ன?" என்ற கேள்விக்கு முதல் நிமிடத்திலேயே பதில் சொல்லாதீர்கள். என்ன பொருள், எத்தனை ரீல், எத்தனை ஸ்டோரி, எந்தத் தேதிக்குள், வீடியோவை அவர்கள் வேறு எங்கேயாவது பயன்படுத்துவார்களா என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு விலை.

நான் இப்போது மூன்று பகுதியாகப் பிரித்துச் சொல்கிறேன். முதலாவது வேலைக் கூலி. எடுப்பது, வெட்டுவது, பதிவிடுவது. ஒரு ரீலுக்கு 18,000. இரண்டாவது பயன்பாட்டு உரிமை. என் வீடியோவை அவர்கள் விளம்பரமாக ஓட்டினால் ஒவ்வொரு 30 நாளுக்கும் கூலியில் 30 சதவீதம் கூடுதல். மூன்றாவது, போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது என்று கட்டுப்படுத்தினால் மாதத்துக்கு 20 சதவீதம். இது என் பக்கத்துக்கு நான் போட்ட கணக்கு, சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உழைப்பு நாட்களையும் ரீச்சையும் வைத்து உங்களுக்கென்று ஒன்று போடுங்கள். ஆனால் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லும் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள்.

விலை குறைத்துக் கேட்டால் விலையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். ஒரு ஸ்டோரியை எடுத்துவிடுங்கள், பயன்பாட்டு நாளைக் குறையுங்கள்.

உங்கள் வழியாக எத்தனை பேர் வாங்கினார்கள் என்று தெரிய, கூப்பன் கோடு ஒன்று நீங்களே கேட்டு வாங்குங்கள். வேப்பம் புண்ணாக்கு நிறுவனத்துக்குப் போட்ட ரீலில் என் கூப்பனைப் பயன்படுத்தி 94 பேர் வாங்கினார்கள். சராசரி பில் 450 ரூபாய், மொத்தம் 42,300. எனக்கு அவர்கள் கொடுத்தது 18,000. அவர்கள் மறுபடி வந்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். அடுத்த பிராண்டிடம் பேசும்போதும் என் கையில் இருந்த ஆதாரம் அதுதான். ஃபாலோயர் எண்ணிக்கையை யாரும் பேரம் பேசிக் குறைக்கலாம், 94 பில்லை யாரும் குறைக்க முடியாது.

6. எழுத்தில் வாங்குங்கள்

என் முதல் வேலை ஒரு சமையலறைப் பொருள் நிறுவனம். வாட்ஸ்ஆப்பில்தான் எல்லாப் பேச்சும். கடைசியில் அந்த ஆள் "ஃபுல் ரைட்ஸ் ஓகேதானே மேம்?" என்று கேட்டார். "சரிங்க" என்று அனுப்பினேன். 8,000 ரூபாய் வந்தது. அதற்குப் பிறகு ஏழு மாதம் என் முகமும் என் குரலும் அவர்கள் விளம்பரமாக ஓடின. பக்கத்து வீட்டு அக்கா, "தினமும் உன்னைத்தான் பாக்கிறேன், நல்லா சம்பாதிக்கிற போல" என்று சந்தோஷமாகச் சொன்னார். நிறுத்தச் சொல்லிக் கேட்டபோது என்னுடைய "சரிங்க"வையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்கள். அந்த ஏழு மாதத்தில் வேறு எந்தப் பாத்திர நிறுவனமும் என்னைக் கேட்கவில்லை. ஏற்கனவே அவர்கள் முகமாக நான் ஆகிவிட்டேன்.

முத்திரைத்தாள், வக்கீல் எல்லாம் சின்ன வேலைக்குத் தேவையில்லை. மின்னஞ்சலில் நிபந்தனைகளைத் தெளிவாக எழுதி, எதிர்த்தரப்பு "ஒப்புக்கொள்கிறோம்" என்று பதில் போட்டால் அதுவே ஒப்பந்தம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 மின்னணு ஒப்பந்தத்தை ஏற்கிறது. வாட்ஸ்ஆப்பில் பேசினாலும் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு மெயிலாகத் தொகுத்து அனுப்பிவிடுங்கள்.

அந்த மெயிலில் இருக்க வேண்டியவை:

- எத்தனை ரீல், எத்தனை ஸ்டோரி, எவ்வளவு நொடி, எந்தத் தேதியில்
- எத்தனை முறை திருத்தம் இலவசம். நான் இரண்டு தருகிறேன், அதற்கு மேல் கட்டணம்
- வீடியோவை யார், எங்கே, எத்தனை நாள் பயன்படுத்தலாம்
- பதிவு என் பக்கத்தில் எவ்வளவு நாள் இருக்க வேண்டும்
- போட்டி நிறுவனக் கட்டுப்பாடு உண்டா, எத்தனை நாளுக்கு
- மொத்தத் தொகை, டிடிஎஸ் போக எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மீதி எத்தனை நாளில்
- எடுத்து முடித்த பிறகு அவர்கள் வேண்டாம் என்றால் எவ்வளவு தர வேண்டும்

முன்பணம் பாதி கேளுங்கள். தர மறுத்தால் கால்வாசியாவது வாங்குங்கள். முன்பணம் தராத புது நிறுவனத்துக்கு நான் படம்பிடிக்கத் தொடங்குவதில்லை.

பாட்டு விஷயம் ஒன்று. டிரெண்டில் ஓடும் சினிமாப் பாட்டை உங்கள் சொந்த ரீலில் போடுவது வேறு, பணம் வாங்கிய ரீலில் போடுவது வேறு. விளம்பரத்துக்கு அந்தப் பாட்டின் உரிமம் தனியாக வேண்டும். மெட்டா சவுண்ட் கலெக்ஷன், யூடியூப் ஆடியோ லைப்ரரி இரண்டிலும் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடிய இசை இருக்கிறது, அங்கிருந்து எடுங்கள்.

7. இலவசப் பொருளும் விளம்பரம் என்ற சொல்லும்

பணத்துக்குப் பதில் பொருள் தருகிறோம் என்பார்கள். தேவையான பொருள் என்றால் வாங்கலாம், தவறில்லை. ஆனால் அதற்கும் வரி உண்டு. ஒரு நிதியாண்டில் ஒரே நிறுவனம் தரும் பொருளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ். 2022 ஜூலை 1 முதல் இந்த விதி. 1961-ன் வருமான வரிச் சட்டத்தில் இதன் பிரிவு எண் 194ஆர்.

எனக்கு இலைதழை அரைக்கும் இயந்திரம் ஒன்று வந்தது, விலை 32,000. அனுப்புவதற்கு முன் 3,200 ரூபாய் கட்டச் சொன்னார்கள். மோசடி என்று நினைத்துச் சண்டை போட்டேன். அவர்கள் கேட்டது சரியான வரிதான். பொருளாகத் தரும்போது எதிலிருந்து பிடிப்பது? அதனால் முன்கூட்டியே கேட்கிறார்கள். அந்த 32,000-ஐ என் வருமானமாகவும் கணக்கில் காட்ட வேண்டியிருந்தது. ஆகவே பெரிய பொருள் என்றால் "டிடிஎஸ் யார் கட்டுவது?" என்று முதலிலேயே கேட்டு மெயிலில் எழுதுங்கள். காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பொருளுக்கு இந்த வரி இல்லை.

அப்புறம், பணமோ பொருளோ எது வாங்கினாலும் பார்ப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதி 2021 ஜூன் 14 முதல் உள்ளது. ஹேஷ்டேக் குவியலில் ஒளித்து வைப்பது போதாது. வீடியோவின் மேலேயே தெரிய வேண்டும். 15 நொடிக்குள் உள்ள வீடியோவில் குறைந்தது 3 நொடி, 2 நிமிடத்துக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம், அதற்கு மேல் என்றால் அந்தப் பொருள் வரும் பகுதி முழுவதும். தமிழ் வீடியோவில் "விளம்பரம்" என்று தமிழிலேயே போடலாம். கூடவே ஆப்பில் உள்ள பெய்டு பார்ட்னர்ஷிப் குறியையும் போடுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, அதில் நடிப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை விளம்பரத்தில் தோன்றவும் தடை போடலாம். நீங்கள் பயன்படுத்திப் பார்க்காத பொருளை "நான் ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன்" என்று ஸ்கிரிப்டில் எழுதிக் கொடுத்தால் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வகை அழைப்புகளை நான் படித்ததும் நீக்கிவிடுகிறேன். ஒன்று, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு. மற்றவர்களைவிட மூன்று மடங்கு தருகிறோம் என்பார்கள். 2025-ல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டப்படி இவற்றை விளம்பரப்படுத்துபவருக்கு 2 ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் வரை அபராதமோ கிடைக்கலாம். இரண்டு, பங்குச்சந்தை டிப்ஸ். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்யாமல் எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்வது உங்கள் வேலை இல்லை. உங்களை நம்பி ஒரு குடும்பம் பணத்தைப் போட்டு இழந்தால் அதை எந்தக் கட்டணத்தாலும் ஈடுகட்ட முடியாது.

8. இன்வாய்ஸும் பணம் வசூலும்

பதிவு வெளியான அன்றே இன்வாய்ஸ் அனுப்புங்கள். நாள் தள்ளினால் அவர்களின் அந்த மாதப் பட்டியலில் உங்கள் பெயர் விழாது. வரிசை எண், தேதி, உங்கள் பெயர், முகவரி, பான், உத்யம் எண், அவர்களின் முழுப் பெயர், முகவரி, வேலை விவரம், தொகை, வங்கி விவரம், பணம் தர வேண்டிய கடைசித் தேதி. இவ்வளவுதான். அழகான டிசைன் தேவையில்லை.

ஏஜென்சிகள் 60 நாள், 90 நாள் என்பார்கள். இங்கேதான் உத்யம் சான்று பேசும். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவருக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் தர வேண்டும் என்கிறது 2006-ன் எம்எஸ்எம்இ சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதோடு, காலத்தில் தராத தொகையை அந்த நிறுவனம் தன் வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்கவும் முடியாது. அவர்களின் கணக்குப் பிரிவு அதிகம் பயப்படுவது இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான்.

ஓர் ஏஜென்சி எனக்கு 36,000 ரூபாயை நாலரை மாதம் இழுத்தது. பேசுபவர் ஒவ்வொரு முறையும் "ஃபைனான்ஸ்ல இருக்கு" என்றார். ஒருநாள் உத்யம் சான்றை இணைத்து, 45 நாள் கடந்த தேதியைக் குறிப்பிட்டு, தாமதமான பாக்கிக்கு அரசின் சமாதான் தளத்தில் புகார் பதிவு செய்யப் போவதாகப் பணிவாக ஒரு மெயிலை அவர்களின் கணக்குப் பிரிவுக்கே அனுப்பினேன். ஒன்பதாவது நாள் பணம் வந்தது. மார்ச் மாதம் அது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் இந்த மெயிலுக்குத் தனி வேகம் உண்டு.

முக்கியம்: வேலை ஒப்புக்கொள்வதற்கு முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும். பிறகு பதிவு செய்துவிட்டுப் பழைய பாக்கிக்குப் பாதுகாப்புக் கேட்க முடியாது.

9. வருமான வரி

பிராண்டு பணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். தொழில்முறைக் கட்டணம் என்ற வகையில், ஒரே நிறுவனம் ஆண்டுக்கு 50,000 தாண்டினால்தான் பிடிக்க வேண்டும். 2025 மார்ச் வரை இது 30,000 ஆக இருந்தது. பிடித்தது உங்கள் பெயரில் கட்டப்பட்டதா என்று வருமான வரித் தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். எனக்கு ஓர் இடத்தில் பிடித்துவிட்டு வேறொருவர் பானில் கட்டியிருந்தார்கள். சீக்கிரம் பார்த்ததால் திருத்த முடிந்தது.

ரிட்டர்ன் படிவத்தில் சமூக ஊடகத் தொழிலுக்கென்றே 16021 என்று ஒரு குறியீட்டு எண் 2025-லிருந்து இருக்கிறது. அதைப் போட வேண்டும், "இதர வருமானம்" என்று தள்ளிவிடக் கூடாது. பாதி வருமானத்தை லாபமாகக் காட்டும் எளிய முறை உங்களுக்குப் பொருந்துமா, அல்லது செலவுக் கணக்கு எழுத வேண்டுமா என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். முதல் வருடம் எனக்கு ஆடிட்டர் கட்டணம் 3,500. கேமரா, மைக், இணையக் கட்டணம், படப்பிடிப்புக்கு வாங்கிய செடிகள், தொட்டிகள் எல்லாவற்றுக்கும் பில் வைத்திருந்ததால் அந்தப் பணம் பல மடங்காகத் திரும்பியது.

டிடிஎஸ் போக ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்றால் முன்வரி கட்ட வேண்டும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15-ம் தேதி தவணை. எளிய முறையில் போனால் மார்ச் 15-ல் ஒரே தவணை. யூடியூப் பணத்தில் இங்கே யாரும் வரி பிடிப்பதில்லை, அதனால் இதில் தவறுபவர்கள் அதிகம்.

10. ஜிஎஸ்டி எப்போது

தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வருவாய் 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதுவரை தேவையில்லை. மும்பை நிறுவனத்துக்கு வேலை செய்கிறீர்கள், வேறு மாநிலம், அதனால் ஜிஎஸ்டி கட்டாயம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சேவைக்கு 20 லட்சம் வரை அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் அந்த 20 லட்சத்தில் யூடியூப்பிலிருந்து வருவதும் சேரும். உங்கள் பானில் நடக்கும் வேறு தொழிலும் சேரும்.

பதிவுக்கு அரசுக் கட்டணம் இல்லை. பதிவானபின் உள்நாட்டு பிராண்டுகளுக்கு 18 சதவீதம் சேர்த்து பில் போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஏற்றுமதிச் சேவை, அதற்கு வரி இல்லை. ஆனால் எல்யூடி என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் தளத்தில் கொடுக்க வேண்டும். வங்கிச் சான்றிதழ் ஃபைல் இங்கேதான் உதவும். வருமானமே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு, தவறினால் நாள் கணக்கில் அபராதம். தேவை வருவதற்கு முன் ஆசைக்காகப் பதிவு செய்யாதீர்கள்.

11. பெயரைக் காப்பாற்றுங்கள்

பக்கம் வளர்ந்தால் பெயருக்கும் விலை வரும். என் பக்கத்தின் பெயரிலேயே வேறொருவர் தொட்டி விற்கத் தொடங்கிய பிறகுதான் டிரேட்மார்க், அதாவது தொழில் பெயரைச் சட்டப்படி பதிவு செய்வது, பக்கம் போனேன். ஏமாந்தவர்கள் என்னைத்தான் திட்டினார்கள்.

முதலில் டிரேட்மார்க் தளத்தில் அதே பெயர், அதே ஓசையுள்ள பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள், கட்டணம் இல்லை. பிறகு விண்ணப்பம், டிஎம்-ஏ படிவத்தில். தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது பொருள் அல்லது சேவையின் ஒரு வகைக்கு, 4,500 ரூபாய். கல்வி, பொழுதுபோக்கு வீடியோக்களுக்கு 41-ம் வகுப்பு, விளம்பரச் சேவைக்கு 35. பொருள் விற்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பொருளின் வகுப்பும் தனி, அதற்கும் தனிக் கட்டணம். பணம் குறைவாக இருந்தால் உங்கள் முதன்மை வேலைக்கான ஒரு வகுப்போடு தொடங்குங்கள். வக்கீல் வைத்தால் அவர் கட்டணம் தனி.

டிரேட்மார்க் இதழில் உங்கள் விண்ணப்பம் வெளியான பிறகு எதிர்ப்புத் தெரிவிக்க மற்றவர்களுக்கு 4 மாதம் அவகாசம். பரிசோதனை, பதில் எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பத்தில் எப்போதிலிருந்து அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். உங்கள் முதல் பதிவின் தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை அதற்கு எடுத்து வையுங்கள். விண்ணப்பித்த நாளிலிருந்தே பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது சான்றிதழ் வந்த பிறகுதான், அதற்கு முன் போட்டால் குற்றம்.